நாடாவுக்கு அந்தப் பக்கம்

கேமராக்காரர் கறுப்பு நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தார். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மானிட்டரின் கண்ணாடிமேல் மேலிருந்து கீழாக ஒட்டினார். ஒட்டி முடித்துக் கட்டைவிரலால் நீவிவிட்டார். அதுவரை ஜன்னலைப் போல அகலமாக இருந்த படம் மூன்று துண்டாகிவிட்டது. நடுவில் ஒரு சதுரம். இரண்டு பக்கமும் ஒல்லியாக இரண்டு சந்துகள்.

"எல்லாரும் இங்க பாருங்க," என்றார். "இந்த ரெண்டு நாடாவுக்கு நடுவுல இருக்கிறதுதான் கதை. முக்கால்வாசி வீட்ல இன்னும் பழைய சதுரப் பெட்டிதான் இருக்கு. அவங்களுக்கு நடுவு மட்டும்தான் போகும். ஓரம் ரெண்டும் புது அகல டிவி வெச்சிருக்கிற மகராசங்களுக்கு. வசனம் பேசுறவங்க, அழுறவங்க, அடிக்கிறவங்க எல்லாம் நாடாவுக்கு உள்ள. புரிஞ்சுதா?"

"அப்ப வெளிய யாரு நிக்கிறது?" என்று யாரோ கேட்டார்கள்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "ஒப்புக்குச் சப்பாணி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று பயம்.

அது தினமும் மாலையில் வருகிற தொடர். ஒரு பெரிய வீடு. அதில் ஒரு மூத்த அண்ணன், அவன் மனைவி, தம்பிகள், தம்பிகளின் மனைவிகள். பல வருடமாகச் சதுரப் படமாகவே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சேனல்காரர்கள் இனிமேல் எல்லாம் அகலப் படம், துல்லியப் படம் என்று முடிவு செய்து புது கேமராக்களை இறக்கினார்கள். முதல் நாளே வில்லங்கம் வந்துவிட்டது. புது கேமரா வழியாகப் பார்த்தால் அந்தப் பெரிய வீட்டின் கூடம் இரண்டு பக்கமும் முடிந்துபோய், வர்ணம் அடிக்காத பலகையும் அதில் தச்சர் பென்சிலால் போட்ட கணக்கும் தெரிந்தன. அவசர அவசரமாகச் சுவரை நீட்டினார்கள். நீட்டிய சுவர் மொட்டையாக இருந்தது. ஓர் உயரமான விளக்குத் தண்டு வைத்தார்கள். அப்படியும் போதவில்லை. ஓர் ஆளை நிறுத்தலாம் என்றார்கள். அப்படித்தான் அந்த வீட்டுக்குத் திடீரென்று ஒரு கடைசித் தங்கை வந்தாள். அகலத்திரை பெற்ற பிள்ளை நான்.

என்னை அங்கே கொண்டுபோய் விட்டவர் மாமா, என் அக்காவின் கணவர். டிவி கடையில் மேனேஜர். ஸ்டூடியோவுக்கு மானிட்டர் எல்லாம் அவர் கடையிலிருந்துதான் போகும். "சும்மா நிக்கிறதுக்கு ஒரு பொண்ணு வேணுமே, பேச்சே கிடையாது" என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். "எங்க வீட்ல ஒண்ணு இருக்கு. வாயில்லாப் பூச்சி. நிக்கச் சொன்னா நிக்கும்" என்று மாமா சொல்லியிருக்கிறார். இதை அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

தப்பில்லை. நான் அப்படித்தான் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடத்தை வாய்விட்டு வாசி என்று டீச்சர் சொன்னால் எனக்கு எழுத்தெல்லாம் தெரியும், குரல்தான் வராது. வகுப்பு முழுவதும் காத்திருக்கும். ஒருநாள் யாரோ பூனையைப் போலக் கத்தினார்கள். மறுநாள் நான் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அப்படியே நின்றுவிட்டேன். அம்மா போனபிறகு அக்கா வீடுதான் என் வீடு. அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சில நாள் நாற்காலிக் கால் தரையில் கிறீச்சென்று உராயும். மாமா எழுந்திருக்கிறார் என்று அர்த்தம். காரணம் எதுவாகவும் இருக்கும். சட்டைப் பொத்தானாக இருக்கும், அக்கா ஃபோனில் யாரிடமோ சிரித்ததாக இருக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அந்தத் தரையில் எந்தக் கல்லில் விரிசல், அது எந்தப் பக்கம் போய் எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு இன்றைக்கும் என்னால் வரைய முடியும். அக்காவின் முகம் அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியாது.

ஸ்டூடியோவில் நான் முதன்முதலாக நின்றதும் அப்படி ஒரு காட்சியில்தான். அந்தத் தொடரில் மூத்த அண்ணன் மனைவியை அறைவது வாரத்துக்கு ஒருமுறையாவது வரும். அது வந்தால்தான் ஆட்கள் பார்க்கிறார்கள் என்று டைரக்டர் சொல்வார். மனைவியாக நடிப்பவரைத் தொடர் ஆரம்பித்த காலத்திலிருந்து எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். கார் டிரைவர்கூட அண்ணி என்பார்.

"அவர் கையை ஓங்குறார், நீங்க அத்தனை பேரும் தலையைக் குனியறீங்க, தரையைப் பார்க்கறீங்க. அவ்வளவுதான்," என்றார் டைரக்டர். பிறகு என்னிடம் தனியாக, "கடைக்குட்டி, உனக்கும்தாம்மா," என்றார்.

கை ஓங்கப்பட்டது. எல்லோரும் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். தரையைப் பார்த்தேன். அது தரையே இல்லை. கல் மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக் விரிப்பு. ஒரு விரிசல் இல்லை, ஒரு கறை இல்லை. ஒரு மூலையில் ஆணி அடித்திருந்தது. எனக்குத் திடீரென்று கோபம் வந்தது. அக்கா வீட்டில் தரையைப் பார்க்கிறேன், அது போதாதென்று பஸ் ஏறி வந்து, முகத்தில் மாவு பூசிக்கொண்டு, இங்கேயும் தரையையா பார்ப்பது? அதுவும் பொய்த் தரையை? நான் தலையைத் தூக்கினேன். தூக்கி, ஓங்கிய கையை நேராகப் பார்த்தேன். அறை விழுந்தது. அண்ணி சாய்ந்தார். அப்போதும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கட்! பிரமாதம்!" என்றார் டைரக்டர்.

இதோ கூப்பிடப் போகிறார், இதோ திட்டப் போகிறார் என்று நின்றேன். அவர் மானிட்டரை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். கேமராக்காரரும் பார்த்தார். இரண்டு பேர் மூக்கும் சதுரத்துக்கு நேராக இருந்தது. அந்த நாடாவை ஒட்டியபிறகு அவர்கள் கண் அதைத் தாண்டவே இல்லை. வேலி போட்டவன் வேலிக்கு அந்தப் பக்கம் என்ன முளைக்கிறது என்று பார்ப்பதில்லை. அன்றைக்கு எனக்கு அது புரிந்தது.

அதற்குப் பிறகு நான் குனியவே இல்லை. சதுரத்துக்குள் ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. சந்துக்குள் நான் தனியாக இன்னொரு கதை நடத்த ஆரம்பித்தேன். மூத்த அண்ணன் பேசும்போது மற்றவர்கள் தலையாட்டுவார்கள், நான் ஆட்டமாட்டேன். அவன் உட்கார்ந்ததும் மற்றவர்கள் உட்கார்வார்கள், நான் நின்றுகொண்டிருப்பேன். அண்ணி அழும்போது மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நான் ஓர் அடி எடுத்து வைப்பேன், நாடா வரைக்கும். கை ஓங்கும் நேரங்களில் பக்கத்தில் இருந்த விளக்குத் தண்டைப் பிடித்துக்கொள்வேன். முதலில் நடுக்கத்துக்குத்தான் பிடித்தேன். போகப்போகத் தடியைப் பிடிப்பது போலப் பிடித்தேன். பேச்சே இல்லாத வேடம் எவ்வளவு வசதி என்று தோன்றியது. குரல் வரவேண்டிய அவசியமே இல்லை.

வீட்டில் பழைய சதுரப் பெட்டி. அக்காவும் நானும் மாடி வீட்டம்மாவும் சேர்ந்து தொடர் பார்ப்போம். மாடி வீட்டம்மாவுக்கு வாயும் பெரிசு, மனசும் பெரிசு. "எங்கடி நீ? காணவே காணோம்?" என்பார். சதுரத்தின் விளிம்பில் எப்போதாவது என் கை கொஞ்சம் தெரியும்.

"தோ, தோ, அது நான்தான்."

"முழங்கை மட்டும்தான் தெரியுது. பரவாயில்லை, முழங்கை நல்லா நடிக்குது."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மாமா வீட்டில் இல்லாத நேரங்களில் அவள் சிரிப்பு நீளமாக இருக்கும்.

ஸ்டூடியோவில் புது கேமரா எல்லோரையும் படுத்தியது. மேக்கப்காரர், "இது கேமரா இல்ல, போலீஸ்" என்று புலம்பினார். ஒட்டு மீசையின் வலை தெரிந்தது. வைத்த பூக்கள் துணிப்பூ என்று தெரிந்தது. கடைசியில் ஒருநாள் டைரக்டர், அறை விழும் காட்சியைப் போட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். கைக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடைவெளி இருப்பது தெரிகிறது என்றார். பழைய கேமராவில் கொஞ்சம் மங்கலாக ஓடிப் போய்விடும். சத்தத்தைச் சேர்த்துவிட்டால் போதும். இதில் பொய் நிற்கவில்லை.

"இனிமே கை படணும். லேசாப் பட்டாப் போதும். என்ன அண்ணி?"

"லேசான்னா எவ்வளவு லேசு?" என்று அண்ணி கேட்டார்.

"நடிப்புதானே."

மூத்த அண்ணனாக நடித்தவர் நல்ல மனுஷர்தான், வெளியில் பார்த்தால் கும்பிடுவார். ஆனால் கை ஓங்கிவிட்டால் லேசு எது, பலம் எது என்று கைக்குத் தெரியவில்லை. அன்று டீ குடிக்கும் இடத்தில் அண்ணி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன்.

"உட்காரு. நான் கடிக்கமாட்டேன்," என்றார். நான் உட்கார்ந்தேன். பிறகு, "அங்க நின்னுக்கிட்டு என்ன பார்க்கிற?" என்று கேட்டார்.

அவருக்குத் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை. அடி வாங்குகிறவருக்கு எதிரே நேராக நிற்பவள் நான்தானே. டைரக்டருக்கு நாடா மறைக்கும். அவருக்கு எது மறைக்கும்?

"தப்பா அண்ணி?"

"அத்தனை பேர் தலையும் குனிஞ்சிருக்கும். உச்சி வகிடா வரிசையாத் தெரியும். அந்த மூலையில மட்டும் ரெண்டு கண்ணு." ஐஸ் துணியைத் திருப்பி வைத்தார். "பாரு. நல்லாப் பாரு. யாராவது ஒருத்தர் பார்க்கணும் இல்ல?"

இதற்கு நடுவில் மாமா வீட்டுக்கு அகல டிவி கொண்டுவந்தார். கடையில் மாதிரிக்கு வைத்திருந்தது. சுவரில் மாட்ட இடம் போதாமல் எங்கள் அம்மா படத்தைக் கழற்றி அலமாரிக்கு மேல் போட்டார்கள். முதல் வாரம் பழைய சேனல்கள்தான் வந்தன. சதுரப் படம் நடுவில் வந்து இரண்டு பக்கமும் கறுப்பாக நின்றது மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு பெரிய டிவியில பாதி இருட்டா?" என்று எதையோ அழுத்தினார். படம் இழுபட்டுத் திரை முழுக்கப் பரவியது. செய்தி வாசிக்கிறவர் பூசணிக்காய் ஆனார். கார்கள் நீண்டன. மாடி வீட்டம்மா பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஊர்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல வீக்கம் வந்துடுச்சா?" என்றார். மாமாவுக்குக் கோபம். "அடுத்த வாரம் துல்லியச் சேனல் சோதனைக்கு வருது. அப்ப வந்து பாருங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்சாதி, மாமாவின் கடை முதலாளி, மாடி வீட்டம்மா. மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு ரிமோட்டைச் செங்கோல் மாதிரி பிடித்திருந்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். அன்றைக்கு வரப்போவது என்ன காட்சி என்று எனக்குத் தெரியும்.

படம் வந்தது. எல்லோரும் ஆ என்றார்கள். கூடத்தின் கதவுக் குமிழில் வெளிச்சம் தெறிப்பதுகூடத் தெரிந்தது. அண்ணி பேசினார். மூத்த அண்ணன் எழுந்தான். கை ஓங்கினான். வரிசையாகத் தலைகள் கவிழ்ந்தன. வலது ஓரத்தில், முழு உருவமாக, விளக்குத் தண்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். என் கண் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"அடியாத்தி," என்றார் மாடி வீட்டம்மா. "நடுவுல என்ன நடந்தா எனக்கென்ன, அந்த ஓரத்துல நிக்கிறவளைப் பாருங்க! எரிச்சுடுவா போல இருக்கே அவனை!"

"யாரு, நம்ம சின்னதா அது?" என்றார் முதலாளி. "மேனேஜர் சார், வீட்ல பூச்சின்னு சொன்னீங்க. சாது மிரண்டால் காடு கொள்ளாதுன்னு சும்மாவா சொன்னாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு ரிமோட்டை அழுத்தினார். அதே தொடர், பழைய சேனல். நான் இல்லை. அண்ணியும் மற்றவர்களும் வீங்கிப்போன முகத்தோடு அகலமாக நின்றார்கள். துல்லியம், துல்லியம் என்று பல நாளாகப் பறையறைந்த மனிதர், என்னை மறைப்பதற்காகத் தன் புது டிவியைத் தானே பழசாக்கிவிட்டார்.

"என்னங்க, அது நல்லா இருந்ததே?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"அதுல கலர் சரியா வரல."

அப்போது அக்கா எழுந்தாள். மாமாவின் மடியில் இருந்த ரிமோட்டை எடுத்தாள். எடுத்து, நிதானமாக, ஒவ்வொரு பொத்தானாகத் தேடி அழுத்தினாள். அகலப் படம் திரும்பி வந்தது. நான் திரும்பி வந்தேன். அக்கா உட்காராமல் நின்றுகொண்டே கடைசி வரைக்கும் பார்த்தாள்.

வந்தவர்கள் போனார்கள். மாமா கதவைச் சாத்தினார். நாற்காலிக் கால் கிறீச்சென்றது. நான் குனிந்துவிட்டேன். விரிசல் விட்ட அந்தக் கல்லைத்தான் பார்த்தேன்.

மாமா வெளியே போனபிறகு அக்கா தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு வந்தாள். என் எதிரே உட்கார்ந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"அங்க யாரோ ஒருத்திக்காக அவ்வளவு நேரம் பார்த்தியே. இங்க ஏன்டி பார்க்கல?"

எனக்குக் குரல் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வராதது போலவே வரவில்லை.

அந்த வாரம் ஸ்டூடியோவுக்கு ஃபோன் வர ஆரம்பித்தது. அகல டிவி வாங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஓரத்தில் நிற்கிற பெண் யார்? அவள் ஏன் குனிவதில்லை? அவள் அந்த அண்ணனை எப்போது அடிக்கப் போகிறாள்? டைரக்டருக்கு முதலில் புரியவில்லை. பழைய அத்தியாயங்களைப் போட்டுப் பார்த்தார். நாடாவை ஒரு பக்கம் மட்டும் நகத்தால் கிள்ளி விலக்கிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டுத் தலையைத் தூக்கின?"

நான் மானிட்டரில் பாதி உரிந்து நின்ற நாடாவைப் பார்த்தேன்.

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சொல்லுவாங்க. நான் ஊமையை வெச்சே சுவரை நிரப்பியிருக்கேன், என்னைச் சொல்லணும்." நாற்காலியில் சாய்ந்தார். "இங்க பாரு. வர்ற வெள்ளிக்கிழமை நேரடி அத்தியாயம். நாம நடிக்க நடிக்க அப்படியே போகுது. வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. சேனல் பெரியவங்க எல்லாம் பார்க்கிறாங்க, துல்லியச் சேனலோட தொடக்க விழாவே அதான். நீ இல்லாம மூலை காலியாத் தெரியும், அதனால நிக்கிற. ஆனா அவர் கை ஓங்கினதும் குனியற. குனியலைன்னா, கடைசித் தங்கச்சி வெளியூருக்குப் படிக்கப் போயிட்டான்னு அடுத்த அத்தியாயத்துல ஒரு வரி. எழுதியே வெச்சாச்சு."

படிக்கப் போகிறேனாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நல்லவேளை, குனிந்துகொண்டு சிரித்தேன்.

மாமா கடையில் அதே வெள்ளிக்கிழமை பெரிய ஏற்பாடு. கடை முழுக்க அகல டிவியாக அடுக்கி, எல்லாவற்றிலும் நேரடி அத்தியாயத்தைப் போட்டுக் காட்டப் போகிறார்கள். மேனேஜர் பெண்சாதி நல்ல உடையில் வந்து நிற்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். மாமா என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "அன்னைக்கு மரியாதையா இருந்துக்கோ. உனக்காக உங்க அக்காதான் வாங்கிக் கட்டிக்கணும்."

வெள்ளிக்கிழமை காலையில் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். கன்னத்தில் மாவை அழுத்திப் பூசியிருந்தாள். துல்லிய கேமரா இருந்தால் கீழே இருக்கும் நிறம் தெரிந்திருக்கும்.

"என் பை மாடி வீட்டம்மாகிட்ட இருக்கு," என்றாள். "உன் துணி ரெண்டும் அதுல வெச்சிருக்கேன். அம்மா படமும்."

நான் அவளைப் பார்த்தேன்.

"நான் கடையில நிப்பேன். சுத்திலும் டிவி, எங்க திரும்பினாலும் நீதான். நீ இன்னைக்குக் குனிஞ்சிட்டேன்னா நான் புரிஞ்சுக்குவேன், நாம ரெண்டு பேரும் பயந்தவங்கதான்னு. அவரோடவே வீட்டுக்கு வந்துடுவேன். குனியலைன்னா…" கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். "நேரா உன் ஸ்டூடியோ வாசலுக்கு வந்துடுவேன். அங்கிருந்து எங்க போறதுன்னு அப்புறம் பார்த்துக்கலாம்."

"அக்கா, நீ எடுக்க வேண்டிய முடிவை என் தலையில கட்டுறியே."

"உன் தலையிலதான்டி கட்டுறேன்," என்றாள். அந்த நேரத்திலும் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

மேக்கப் அறையில் அண்ணி கண்ணாடிக்கு முன்னால் இருந்தார். மேக்கப்காரர் பழைய அடையாளத்தை மறைக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். நேரடி என்பதால் கை நன்றாகவே பட வேண்டும் என்று டைரக்டர் காலையிலேயே சொல்லியிருந்தார். மேக்கப்காரர் எதிரிலேயே எப்படிப் பேச்சு வந்தது என்று தெரியவில்லை, நான் அண்ணியிடம் அக்காவைப் பற்றிச் சொன்னேன். வாசலுக்கு வந்தாலும் வரலாம் என்று சொன்னேன். பாதி வார்த்தை முழுங்கித்தான் சொன்னேன். அவர் கண்ணாடி வழியாகவே கேட்டார்.

"என் வீட்ல பின்னாடி ஒரு ரூம் இருக்கு. பழைய நாற்காலியா அடைஞ்சு கிடக்கு. நீங்க ரெண்டு பேரும் வந்து அதையெல்லாம் தூக்கிப் போட்டாச் சரியாயிடும்," என்றார். பிறகு மேக்கப்காரரின் கையைப் பிடித்துத் தள்ளினார். "போதும். விடுப்பா. தெரிஞ்சா தெரியட்டும்."

கூடத்தில் கேமராக்காரர் நாடாக்களை உரித்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்காக ஒட்டிக் கிடந்தவை, நார் நாராகத்தான் வந்தன. துணியில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தார். பசை போகவில்லை. கண்ணாடியில் இரண்டு மங்கலான கோடுகள் நின்றன.

"இன்னைக்கு நாடா கிடையாது," என்றார் டைரக்டர். "மூலையில இருந்து மூலை வரைக்கும் கதைதான். யாரும் சும்மா நிக்க முடியாது." என்னைப் பார்த்தபடியே சொன்னார்.

நான் என் இடத்தில் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் மானிட்டர் தெரியும். சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்தால் நாங்கள் அப்போதே வீடுகளுக்குள் இருக்கிறோம் என்று அர்த்தம். கடைக்குள்ளும். எனக்கு அக்கா தெரியவில்லை, ஆனால் அந்தக் கடை தெரிந்தது. வரிசை வரிசையாகத் திரைகள், நடுவில் பூசிய கன்னத்தோடு அவள், பக்கத்தில் மாமா. அவர் கையில் இன்றைக்கு ரிமோட் இருந்தாலும் எத்தனை டிவியை மாற்றுவார்?

வசனங்கள் ஓடின. தம்பிகள் பேசினார்கள், ஒருவர் வசனத்தை மறந்து இருமிச் சமாளித்தார். மூத்த அண்ணன் எழுந்தான். நாற்காலிக் கால் அந்தப் பிளாஸ்டிக் விரிப்பில் உராய்ந்தது. ஸ்டூடியோ நாற்காலி அதுவரை சத்தம் போட்டதே இல்லை. அன்றைக்குப் போட்டது. என் கழுத்து தானாக இறங்கப் பார்த்தது. இத்தனை வருடம் பழகிய கழுத்து. டைரக்டர் மானிட்டருக்குப் பின்னால் எழுந்து நின்று, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்தி அழுத்திக் காட்டினார். குனி. குனி.

கை மேலே போனது. வரிசையாகத் தலைகள் கவிழ்ந்தன. நான் விளக்குத் தண்டைப் பிடித்தேன். என் கழுத்தைத் தூக்கினேன், ஏதோ கனமான பாத்திரத்தைத் தூக்குவது போல. அந்தக் கையைப் பார்க்கவில்லை இந்தமுறை. கேமராவைப் பார்த்தேன். கேமராவைப் பார்க்கவே கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் அக்கா இருந்தாள். அவளைப் பார்த்தேன்.

டைரக்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்து மூடினார். அவர் குரலும் அன்றைக்கு வெளியே வர முடியாது.

அண்ணி திரும்பினார். அறை விழ வேண்டிய கன்னத்தை எடுத்துக்கொண்டு, அந்த இடத்திலிருந்து நகர்ந்தார். ஓடவில்லை. தன் வீட்டுக் கூடத்தில் நடப்பது போல நடந்தார். மானிட்டரில் பசைக் கோட்டைத் தாண்டினார். என் பக்கத்தில் வந்து நின்று, விளக்குத் தண்டில் என் கைக்கு மேலே தன் கையை வைத்தார். அவர் கை சில்லென்று இருந்தது.

கேமராக்காரர் அசையவில்லை. எங்கே திருப்புவது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மானிட்டரில் இரண்டு பசைக் கோடுகளுக்கு நடுவில், சதுரத்துக்குள், ஒரு மனிதன் மட்டும் கையை ஓங்கியபடி நின்றான். அவன் எதிரே யாரும் இல்லை. கையை இறக்கவும் அவனுக்குத் தெரியவில்லை. குனிந்த தலைகள் ஒன்றிரண்டு, அறைச் சத்தம் ஏன் இன்னும் கேட்கவில்லை என்று மெல்ல நிமிர ஆரம்பித்தன.

அக்கா கடையிலிருந்து வர இன்னும் நேரம் ஆகும், ஆனாலும் வெளிவாசல் பக்கம் ஏதோ வண்டி வந்து நின்ற மாதிரி இருந்தது. நான் திரும்பவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.